சாமை மில் ஓடட்டும்! காது என்ன பாவம் செய்தது?

சாமைக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. அதன் உமியை நீக்குகிற பெண்களின் காதுக்குத்தான் கெட்ட காலம்!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கிறது குண்டூர் நாடு. "நாடு" என்றதும் தனி சர்க்கார் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரே நாடுதான். கீழே இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டிய மேட்டுப் பூமி. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் இடம். (கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசுகிறவர்கள்தான்.)

"நகரத்து இரைச்சல் தாங்கலப்பா, கொல்லிமலை போய் ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டு வரலாம்" என்று சேலத்துக்காரர்களும் நாமக்கல்காரர்களும் சனிக்கிழமை பஸ் ஏறுகிறார்கள். அந்த நிம்மதியான மலையில் இரைச்சலா? கேட்கவே வேடிக்கையாக இருக்கும்.

வேடிக்கை இல்லை. விஷயம் இதுதான்.

பருவமழை சொன்னபடி வருவதில்லை. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீர் குடிக்கிற பயிரை நம்பி இனிப் பிழைக்க முடியாது, குறைந்த மழையிலும் விளைகிற சிறுதானியத்துக்குத் திரும்புங்கள் என்று உலகமே சொல்கிறது. இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் 2023-ஐ சிறுதானிய ஆண்டு என்றே ஐ.நா. சபை அறிவித்தது. நகரத்து ஓட்டலில் சாமைப் பொங்கல், தினை லட்டு எல்லாம் வந்துவிட்டது. விலை மட்டும் அரிசிச் சோற்றைவிட அதிகம்!

கொல்லிமலைக்காரருக்குச் சாமை புதிதா? கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருங்கேழ்வரகு, சுரட்டைக் கேழ்வரகு என்று ரகம் ரகமாக வைத்திருந்தவர்கள். பாட்டன் காலத்து விதை.

அப்புறம் ஏன் கைவிட்டார்கள்?

மரவள்ளிக் கிழங்கு ஒரு காரணம். சேலம், நாமக்கல் சேகோ பேக்டரிக்குக் கிழங்கை அனுப்பினால் கையில் காசு. சாமையை யார் வாங்கினார்கள்? ரேஷன் அரிசி இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை ஆண்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதுதான் உலக்கை!

சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்த வேண்டும். புடைக்க வேண்டும். மறுபடி குத்த வேண்டும். காட்டு வேலை முடிந்து வந்து, தண்ணீர் தூக்கி, விறகு சுமந்து, அதற்குப் பிறகு ஒரு வீட்டுச் சோற்றுக்கு இத்தனை பாடு. இடுப்பும் தோளும் விட்டுப்போகும். "இந்த எளவு வேண்டாம் சாமி, ரேஷன் அரிசியே போதும்" என்று பெண்கள் சொன்னால் அதில் என்ன தப்பு?

மெஷின் வந்தது

இதைப் புரிந்துகொண்டுதான் மெஷின் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. விதையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, குத்துகிற கஷ்டத்தைத் தீர்க்காவிட்டால் பயிர் நிற்காது என்று கண்டுகொண்டார்கள். உமி நீக்கும் மெஷின், மாவு அரைக்கும் மெஷின் எல்லாம் மலை ஊர்களுக்குப் போயின. சுய உதவிக் குழுக்கள் எடுத்து நடத்தின.

நல்ல காரியம். சந்தேகமே இல்லை. மில் இல்லாவிட்டால் சாமை இல்லை. உலக்கையைப் பெண்ணின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்ததற்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் மில்லுக்குள் நின்று பார்த்தவருக்குத் தெரியும். நகரத்துக் கடைத்தெருவில் மிளகாய் அரைக்கும் மில் பக்கம் போனவருக்கும் தெரியும். தகரக் கூரை. நாலு சுவர். நடுவில் மோட்டார், பெல்ட்டு, மெஷின். சத்தம் வெளியே போக வழியில்லாமல் தகரத்தில் மோதி மோதித் திரும்புகிறது. பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவது தெரிகிறது. என்ன பேசுகிறார் என்பது தெரியவில்லை. கரண்ட் போய் டீசல் இன்ஜின் ஓட்டினால் கேட்கவே வேண்டாம்!

இப்படிப்பட்ட மில்லுக்குள் சத்தம் 85 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம். மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கை நீட்டுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தொட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 85-ல் என்ன விசேஷம்? நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் காதுக்கு ஆபத்து என்று உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கிற எல்லை அதுதான். டெசிபல் கணக்கு மளிகைக் கடைக் கணக்கு மாதிரி அல்ல. 85-க்கும் 88-க்கும் மூணுதான் வித்தியாசம் என்று தோன்றும். அந்த மூணு ஏறினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பு! எட்டு மணி நேரம் தாங்கிய காது நாலு மணி நேரம்தான் தாங்கும். 91 ஆனால் ரெண்டு மணி. 94 ஆனால் ஒரே ஒரு மணி நேரம்.

காதுக்குள் ரோமம் போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. சத்தத்தை நரம்புக்குச் சொல்வது அவைதான். செத்தால் முளைக்காது. தலைமுடி கொட்டினால் எண்ணெய் விற்க ஆள் இருக்கிறது. இந்த முடி கொட்டினால் எந்த எண்ணெயும் உதவாது!

முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள். குழந்தையின் பேச்சு, குருவியின் குரல். அதனால் ஆரம்பத்தில் தெரியாது. "பேரன் வாய்க்குள்ளேயே பேசறான்" என்று பேரன் மேல் பழி போடுவார்கள். ராத்திரி படுத்தால் காதுக்குள் வண்டு ரீங்காரம். வருஷம் போகப் போகத்தான் "ஆயாவுக்குக் காது மந்தம்" என்று வீட்டில் பேச்சு வரும். வயசாகிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். வயசா, மில்லா? யாரும் கேட்பதில்லை.

காதோடு போவதில்லை. ஓயாத இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், இருதயத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மில்லில் உமித் தூசி வேறு. இருமல், மூச்சிரைப்பு.

இடுப்பு வலியைக் கொடுத்துவிட்டுக் காது மந்தத்தை வாங்கிக்கொள் என்றால் இது என்ன பண்டமாற்று?

யார் அளந்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. பேஷாக இருக்கிறது.

ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெரு என்றால் பகலில் 65, இரவில் 55. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. 2010-ல் திருத்தம் செய்து, குடியிருப்புப் பகுதியில் ராத்திரியில் ஹாரன் அடிக்கக் கூடாது, சத்தம் போடும் கட்டுமான மெஷின் ஓட்டக் கூடாது என்றும் சேர்த்தார்கள். மலைக்குத் தனி விதி கிடையாது. குண்டூர் நாட்டுக்கும் இதே விதிதான்.

புகார் கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் அளவுக்கு மேல் 10 டெசிபல் கூடியிருந்தால் புகார் கொடுக்கலாம் என்கிறது விதி. பத்து கூடியதா, ஒன்பது கூடியதா என்று மில்லுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் எதை வைத்து அளப்பாள்? முறத்தை வைத்தா?

அளக்கிற மெஷின் எங்கே இருக்கிறது தெரியுமா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-ல் தொடங்கி நாட்டில் ஏழு பெருநகரங்களில் 70 இடத்தில் சத்தம் அளக்கும் நிலையம் வைத்தது. தமிழ்நாட்டில் அந்த லிஸ்டில் சென்னை ஒன்றுதான். அங்கே பத்து இடம். சேலம் லிஸ்டில் இல்லை, நாமக்கல் இல்லை. கொல்லிமலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தொழிற்சாலைச் சட்டம் காப்பாற்றுமா என்றால், நாலு பெண்கள் நடத்துகிற மில்லை அது எட்டிப் பார்க்காது. அத்தனை சின்ன இடம் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலையே அல்ல! பெரிய ஆலையில் வேலை செய்கிறவனுக்குக் காதுக் கவசம். குழுவில் சேர்ந்த பெண்ணுக்குக் காதில் பஞ்சு. அந்தப் பஞ்சு கொசுவைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது.

ஒப்பிட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. காற்றாலை விஷயத்தில் மத்திய சர்க்கார் 2016-ல் ஒரு வழிகாட்டி போட்டது. சத்தத்தை முன்னிட்டு வீடுகளிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிறுத்து என்று அதில் இருந்தது. முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த ராட்சத விசிறிகளைப் பார்த்திருப்பார்கள். காற்றாலைச் சத்தம் சராசரி 45 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் ஐரோப்பிய நாடுகளுக்குச் சொன்னது. காற்றாலையால் வியாதி வருகிறது என்பதற்குச் சான்று பலமாக இல்லை, எரிச்சல் வருகிறது என்பதுதான் தெரிகிறது என்றும் சேர்த்தே சொன்னது. அப்படி இருந்தும் யோசித்தார்கள் பாருங்கள்! பெரிய கம்பெனி, பெரிய முதலீடு, அதனால் வழிகாட்டி வந்தது. மில்லுக்கும் பால்வாடிக்கும் நடுவில் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று எந்த ஆபீசில் யோசித்தார்கள்?

மலைக்கு வருகிற அடுத்த சத்தம்

மில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கொல்லிமலையில் 20 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றை மின்வாரியம் கையில் எடுத்திருக்கிறது. நிலக்கரி எரிக்காத மின்சாரம். மலைமேல் ஓடைகளை மறித்துத் தண்ணீரைக் கீழே இறக்கி எடுப்பது. ஓடை வற்றிவிடும், அருவிக்குத் தண்ணீர் குறையும் என்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. அது பெரிய வழக்கு. தண்ணீர்க் கணக்கை நிபுணர்கள் பேசட்டும்.

சத்தக் கணக்கை யார் பேசுவது? மலையில் இப்படி எந்த வேலை நடந்தாலும் பாறை உடைக்கணும், டிரில் போடணும், லாரி ஓடணும். மின்சாரம் கம்பியில் ஏறி நகரத்துக்கு வந்துவிடும். சத்தம் அங்கேயே தங்கிவிடும். நகரத்தில் பேன் சுழலுகிறவருக்கு அது கேட்காது. வெடி வைக்கிற நேரத்தை முந்தின நாளே ஊருக்குச் சொல்லுங்கள், ராத்திரியில் டிரில் ஓட்டாதீர்கள் என்று கேட்பது அபிவிருத்திக்கு விரோதம் ஆகுமா?

மலையை விட்டு இறங்கினால் சமவெளியிலும் இதே கூத்துதான். திருச்செங்கோட்டு ரிக் லாரி இல்லாத மாநிலம் இந்தியாவில் இல்லை என்பார்கள். மழை பொய்த்தால் போர் போடு. அதுவும் காலத்துக்கு ஏற்ற மாறுதல்தானே? ராத்திரி முழுக்கக் கம்ப்ரஷர் அலறுகிறது. தெரு தூங்குவதில்லை. தண்ணீர் வந்தால் வீட்டுக்காரர் சிரிக்கிறார், வராவிட்டால் அழுகிறார். ரெண்டிலும் காது போவது ரிக்கில் நிற்கிற பையனுக்கு. இருபது வயசுப் பையன்கள்! ஊர் ஊராகப் போகிற அவர்களின் காதை யார் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுவது?

கடைக்காரர்களும் கொஞ்சம் கேட்க வேண்டும். கரண்ட் நின்றால் கடை வாசலில் ஜெனரேட்டர். மூடி போட்ட டீசல் ஜெனரேட்டரில் ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது மத்திய வாரியத்தின் கட்டளை. எத்தனை கடையில் மூடி இருக்கிறது? இருந்த மூடியைச் சூடு தாங்கவில்லை என்று கழற்றி வைத்த கடைகள்தான் அதிகம்!

சுத்தமான சக்தி என்றாலே சத்தம் என்று சொன்னால் அதுவும் அநியாயம். அதே ஜெனரேட்டர் இருந்த இடத்தில் கூரைமேல் சோலார் தட்டு, கீழே பேட்டரி வைத்தால் மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. சென்னையில் 2025-ல் மின்சார பஸ் விட்டார்கள். பக்கத்தில் நின்றாலும் உறுமல் இல்லை. ரொம்ப அமைதியாகப் போனாலும் தொல்லைதான். மின்சார ஸ்கூட்டர் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து நிற்கிறது. கொல்லிமலை வளைவில் எதிரே வண்டி வருவதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே சத்தமே இல்லாத வண்டி வந்தால் என்ன கதி? கார், பஸ், லாரி என்றால் மின்சார வண்டிக்கும் எச்சரிக்கைச் சத்தம் வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2025-ல் வரைவு அறிவிப்பு வெளியிட்டது. ஆக, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சர்க்காருக்குத் தெரியும். மனசு வைத்தால்.

செலவு என்ன பெரிய செலவு?

மில் விஷயத்துக்கே வருவோம். கோடி கேட்கவில்லை.

மோட்டாரையும் மெஷினையும் கான்கிரீட் மேடையில் நிறுத்தி அடியில் கனமான ரப்பர் வைத்தால் அதிர்வு பாதி அடங்கும். பெல்ட்டு தளர்ந்தால், பேரிங் தேய்ந்தால் சத்தம் ஏறும்; எண்ணெய் போட்டு, காலத்தில் மாற்ற வேண்டும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி. தகரக் கூரைக்கு அடியில் தென்னங்கீற்றோ சாக்கோ தொங்கவிட்டால் எதிரொலி குறையும். தீப்பற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளணும். காதில் வைக்கிற பஞ்சுருண்டை மாதிரியான அடைப்பான் ஒரு டீ விலை. தலையில் மாட்டுகிற கவசம் சில நூறு ரூபாய். மெஷின் வாங்க மானியம் கொடுக்கிற இலாகா, இதையும் சேர்த்து ஒரே பில்லில் வாங்கினால் யார் தடுப்பார்கள்?

ஒரே பெண் நாள் முழுக்க மெஷின் பக்கம் நிற்காமல், ரெண்டு மணிக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளலாம். இதற்குக் காசே வேண்டாம். குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

இனிமேல் வைக்கிற மில்லைப் பால்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 100 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இது கிராம சபையில் பேச வேண்டிய விஷயம். கிராம சபையில் தெருவிளக்கு வருகிறது, சாக்கடை வருகிறது, சுடுகாட்டுப் பாதை வருகிறது. காது இதுவரை வந்தது உண்டா?

கரண்ட் கொடுக்கிற நேரத்தையும் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும் என்றால் மில்லும் ராத்திரியில்தான் ஓடும். ஊரே விழித்துக்கொண்டு கிடக்கும். பகலில் நாலு மணி நேரம் ஒழுங்காகக் கொடுத்தால் டீசல் இன்ஜினுக்கும் வேலை இல்லை, ராத்திரி ஓட்டத்துக்கும் வேலை இல்லை. இது மின்வாரியத்தின் கையில் இருக்கிறது.

டாக்டர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். மில்லில் நிற்கிற அக்காவிடம் "காது எப்படிக்கா இருக்கு? ராத்திரி ரீங்காரம் கேக்குதா?" என்று ரெண்டு கேள்வி கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா? 2022 முதல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் குண்டூர் நாட்டுப் பெண் அந்த 70 வளைவும் இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, காதைக் காட்ட நாமக்கல் வரமாட்டாள். காய்ச்சல் என்றாலே யோசிக்கிறவள்! சோதனை செய்கிற ஆள்தான் மேலே போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முகாம் போதும்.

ஆடி பதினெட்டை ஒட்டி வருஷம்தோறும் வல்வில் ஓரி விழா நடக்கிறது. கலெக்டர் முதல் கடைசி கிளார்க் வரை மலைமேல்தான். வேளாண்மை இலாகா, சுகாதார இலாகா எல்லாம் கண்காட்சி வைக்கின்றன. வருகிற விழாவுக்கு ஏறும் ஜீப்பில் ஒரு டெசிபல் மீட்டருக்கும் இடம் இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு குண்டூர் நாட்டுப் பக்கமும் ஒரு நடை போய், மில் மில்லாக அளந்து எழுதிக்கொண்டு வரட்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். சொல்லிவிட்டுப் போனால் மோட்டாரை நிறுத்தி மாலை போட்டு வரவேற்பார்கள். அப்போது மீட்டரில் ஏறுவது குருவிச் சத்தம்தான்!